தலைக்குள் கட்டி: வீட்டார் கண்டதை டொக்டரிடம் சொல்லுங்கள்

இம்முறை சுகாதாரப் பாடம் மூளைக் கட்டி பற்றியது. பெயரைக் கேட்டதும் பக்கத்தைத் திருப்பி விடாதீர்கள். "மூளையில கட்டியாம்" என்று ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் அன்றைக்கே லயம் முழுக்க அழுகை தொடங்கி விடுகிறது. ஆள் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே துக்க வீடு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பயத்தினால் சில பேர் ஸ்கேன் எடுக்கவே போகாமல் இருந்து விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் கட்டி என்றால் என்ன என்று பார்ப்போம். உடம்பில் உள்ள நுண்ணிய உயிரணுக்கள் தேவைக்கு மேல் பெருகி ஓரிடத்தில் திரண்டு நிற்பதே கட்டி. வயிற்றில் கட்டி வந்தால் தோலும் சதையும் கொஞ்சம் இடம் கொடுக்கும். தலையில் அப்படி இல்லை. உலை கொதித்தால் பானை மூடி மேலே எழும்புகிறது, மண்டையோடு எழும்பாது. உள்ளே எது வளர்ந்தாலும் அது மூளையைத்தான் நெருக்கும். கட்டி எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடம் பார்க்கிற வேலைதான் முதலில் கெட்டுப் போகும். கையை ஆட்டுகிற இடத்தில் இருந்தால் கை, பேச்சுக்குரிய இடத்தில் இருந்தால் பேச்சு.

டொக்டர்மார் இதில் நூறு வகைக்கு மேல் பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்கு மூன்றைத் தெரிந்தால் போதும். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வளர்வது மெனிஞ்சியோமா. இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. வருடக்கணக்கில் மெதுவாக வளரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஓப்பரேசன் செய்து எடுத்த பிறகு பல பேர் பழையபடி வேலைக்குப் போகிறார்கள். மூளைக்குள்ளேயே வளரும் கிளையோமா வேறு. அதில் மெதுவானதும் உண்டு, மிக வேகமானதும் உண்டு. வேகமானதை வேரோடு எடுத்துவிட முடியாது. மூன்றாவது, மார்பிலோ நுரையீரலிலோ உள்ள புற்றுநோய் இரத்தத்தோடு போய் மூளையில் தங்குவது. வயது வந்தவர்களுக்கு இதுதான் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே கட்டி என்ற ஒரு சொல்லோடு முடிவு கட்டிவிடாமல், எந்த வகை என்று டொக்டரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி அறிகுறிகள். தலைவலி என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். தலைவலி யாருக்குத்தான் இல்லை? கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் இறுகினால் தலைவலி, வெயிலில் நின்றால் தலைவலி, ரொட்டி சாப்பிடாமல் மலை ஏறினால் தலைவலி, கண்ணாடி போட வேண்டியவர் போடாவிட்டாலும் தலைவலி. தலைவலிக்காரர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் கட்டி இருக்கும். கவனிக்க வேண்டிய தலைவலி வேறு மாதிரியானது. முன்பு இல்லாதது, வாரத்துக்கு வாரம் கூடுவது, விடியற்காலையில் படுக்கையிலிருந்தே எழுப்பி விடுவது, இருமினாலும் குனிந்தாலும் அதிகமாவது. அதோடு சில பேருக்குக் குமட்டல் கூட இல்லாமல் காலையில் திடீரென்று வாந்தி வரும். இதைத்தான் நம் ஆட்கள் பித்தம் என்று சொல்லி மாதக்கணக்கில் இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

தலைவலியே இல்லாமலும் கட்டி இருக்கலாம். நாற்பது வயதுவரை வலிப்பு என்பதே அறியாத ஒருவருக்கு ஒருநாள் வலிப்பு வரும். ஒரு கை மட்டும் சோர்ந்து பறித்த கொழுந்து நழுவும். சொல்ல நினைத்த சொல் வாயில் வராது. ஒரு பக்கப் பார்வை மங்கி, அந்தப் பக்கமாக வருகிறவரை இடிப்பார். ஒரு காது மட்டும் மந்தமாகும். பிள்ளை மடுவத்து ஆயாக்கள் இதையும் கவனிக்க வேண்டும்: காலையில் வாந்தி எடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் ஒன்றும் நடக்காதது போல விளையாடுகிற பிள்ளை, அது பல நாள் தொடர்ந்தால், பூச்சி மருந்தோடு விட்டுவிடக் கூடாது. நடை தள்ளாடுகிறதா, தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்க்கிறதா, புதிதாக மாறுகண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தை என்றால் தலை மட்டும் வேகமாகப் பெருக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், எல்லாரும் தவற விடுகிற அறிகுறி ஒன்று இருக்கிறது. அது குணம் மாறுவது. அதைப் பற்றிச் சொல்ல நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நமக்குச் சொந்த ஊர் அம்பாறைக் கரையோரத்துக் கல்முனை. பக்கத்தில் மருதமுனை, கைத்தறிச் சாரனுக்குப் பெயர் போன இடம். அங்கே ஒரு நெசவுக்காரர் வீடு நமக்குப் பழக்கம். தேயிலையே இல்லாத ஊர்க் கதை இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். அந்த வீட்டம்மாவுக்குக் கண்டி வாட்டில் கை கொடுத்தது நம் மலைநாட்டுப் பெண் ஒருவர்தான். அது பிறகு வரும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபோது இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். இந்த நெசவுக்காரர் தாயையும் தறியையும் ஒரே காலையில் இழந்தார். அடுத்த வருடம் அவர் ஒரு மாதிரி ஆனார். பேச்சுக் குறைந்தது. குளிக்கச் சொன்னால்தான் குளிப்பார். உதவிக்குக் கிடைத்த புதுத் தறியில் உட்கார்ந்தால் கோட்டுக் கணக்குப் பிசகும், அதைப் பற்றிக் கவலையும் படமாட்டார். மையத்து வீட்டில் போய்ச் சிரித்திருக்கிறார். சில நாள் சாரனிலேயே சிறுநீர் போய்விடும். சுனாமித் துக்கம் என்று ஊர் சொன்னது. ஆலோசனை சொல்ல வந்தவர்களும் அப்படியே சொன்னார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மனநோய்க் குளிசையும் கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஊரே அழுதுகொண்டிருந்த காலத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்?

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் கிளினிக்கில் அவர் மனைவி பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். "கருவாடு பொரிச்சா முகத்தச் சுளிக்கிற மனுசன் சேர். இப்ப அடுப்படியில இரிந்தும் சோறு கருகினது தெரியல்ல." அங்கே இருந்த இளம் டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, எத்தனை நாளாக மணம் தெரியவில்லை என்று கேட்டார். பிறகு இருட்டறையில் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். தலைக்குள் அமுக்கம் கூடினால் கண்ணின் பின்னால் உள்ள நரம்பு வீங்கித் தெரியும். இந்தச் சோதனைக்குப் பெரிய மெசின் ஒன்றும் வேண்டாம். அடுத்தது ஸ்கேன். மூக்குக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால், தோடம்பழம் அளவில் ஒரு மெனிஞ்சியோமா. மணம் அறியும் நரம்பு போகிற இடத்தில் உட்கார்ந்து, குணத்தை நடத்துகிற முன்மூளையை அது நெருக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

ஓப்பரேசனுக்குக் கண்டிக்குப் போனார்கள். அம்பாறை, மகியங்கனை வழியாகப் பதினெட்டு வளைவும் ஏறிப் போகிற பாதை. வழி நெடுக வாந்தி. கண்டி வாட்டில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது, அந்த அம்மாவுக்கு ஒரு சொல் புரியவில்லை. அடுத்த கட்டிலில் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற நுவரெலியாப் பக்கத்துத் தோட்டப் பெண் சிங்களம் நன்றாகப் பேசுவாராம். டொக்டர் சொன்னதை இவருக்குச் சொல்லி, இவர் சொன்னதை டொக்டருக்குச் சொல்லி, ஒரு ஸ்கூல் கொப்பியும் வாங்கிக் கொடுத்து, "அக்கா, நாளுக்கு நாள் என்னா நடந்துச்சுன்னு இதுல எழுதி வைங்க" என்றாராம். அந்தக் கொப்பி இன்றும் மருதமுனையில் இருக்கிறது. மனுசன் ஆறேழு மாதத்தில் தறிக்குத் திரும்பினார். மணம் மட்டும் வரவில்லை. உப்பு, புளி, உறைப்பு தெரியும். மீன் பழுதா இல்லையா என்று மனைவிதான் முகர்ந்து சொல்ல வேண்டும்.

கருவாட்டுக் கதையை அந்த அம்மா சொல்லியிராவிட்டால் இன்னும் எத்தனை மாதம் போயிருக்குமோ. வீட்டார் கண்டதைச் சொல்வது சின்ன விடயம் அல்ல. பழைய காலத்தில் அது ஒன்றுதான் ஸ்கேன். 1884ஆம் ஆண்டு லண்டனில் 25 வயது ஸ்கொட்லாந்து விவசாயி ஒருவருக்கு இடப்பக்க முகத்தில் துடிப்பும் வலிப்பும் வந்து, இடது கையும் சோர்ந்து போனது. எக்ஸ்ரே கூடக் கண்டுபிடிக்காத காலம் அது, எக்ஸ்ரே வந்தது 1895இல்தான். பெனட் என்ற வைத்தியர் வலிப்பு எங்கே தொடங்கி எங்கே போகிறது, எந்தக் கை சோர்கிறது என்று கேட்டுக் கேட்டே, கட்டி வலப்பக்க மூளையில் இந்த இடத்தில் என்று குறித்துக் கொடுத்தார். நவம்பர் 25ஆம் திகதி கொட்லி என்ற சத்திர சிகிச்சை நிபுணர் அங்கே திறந்தார். சொன்ன இடத்திலேயே சிறிய கொட்டை அளவுக் கட்டி இருந்தது. புண்ணில் கிருமி தொற்றியதால் அந்த மனிதர் ஒரு மாதத்துக்குள் இறந்து போனார். ஆனாலும் அறிகுறியை மட்டும் வைத்துக் கட்டியைக் கண்டுபிடித்து எடுக்கலாம் என்பது அன்றைக்கு உலகத்துக்குத் தெரிந்தது.

சீ.டி. ஸ்கேன் வந்த கதையும் சுவையானது. நாய்ப் படம் போட்ட இசைத்தட்டு ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தட்டு விற்ற ஈ.எம்.ஐ. கம்பனியில் இருந்த ஹவுன்ஸ்பீல்ட் என்ற பொறியியலாளர்தான் அந்த மெசினைச் செய்தார். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி முதன் முதலாக அதில் படுத்தவர் மூளைக் கட்டி என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண். ஹவுன்ஸ்பீல்டுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மூளை சத்திர சிகிச்சைக்கென்று முதல் பிரிவை 1949இல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். நம் நாட்டிலிருந்து நகையை அடகு வைத்து வேலூர் போனவர்கள் கல்முனையிலும் உண்டு, தோட்டத்திலும் உண்டு. இப்போது கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளில் இந்த ஓப்பரேசனை இலவசமாகச் செய்கிறார்கள். காத்திருக்க வேண்டி வரும். இடையில் வாந்தி கூடினாலோ, ஆள் தூங்கித் தூங்கி விழுந்தாலோ கிளினிக் திகதி வரும்வரை வீட்டில் வைத்திருக்க வேண்டாம், உடனே கொண்டு போங்கள்.

இரண்டாவது வீடு சாய்ந்தமருது. இது நல்லபடி முடிந்த கதை இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்து நான்கு வயது டீச்சர். கரும்பலகையில் எழுதிக்கொண்டு இருக்கும்போது எழுத்து மறந்தது, அடுத்த கிழமை வலிப்பு. வேகமாக வளரும் கிளையோமா என்று சொன்னார்கள். எடுக்க முடிந்த அளவு எடுத்துவிட்டு, மகரகமவில் கதிர்ச் சிகிச்சை. கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை. முகத்துக்கு அளவெடுத்துச் செய்த வலைமூடியைப் போட்டு ஆடாமல் படுக்க வைப்பார்கள். சில நிமிட வேலை, வலிக்காது. மூடியைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். கதிர் படுகிற இடத்தில் முடி கொட்டும், களைப்பு வரும். அதன் பிறகு ஒன்றரை வருடம் போல இருந்தார்.

அவரைப் பார்த்தது மூத்த சகோதரி. அந்த ராத்தா நம்மிடம் சொன்னது: "நோயப் பாக்கலாம் தம்பி. பிள்ளை மாதிரி இருந்தவ என்னப் பாத்து ஏசினத்தத் தாங்க ஏலாது. அது அவ இல்ல, அந்தக் கட்டிதான் எண்டு விளங்க எனக்கு ஆறு மாசம் போச்சு." வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெதசோன் குளிசை கொடுப்பார்கள். அது சாப்பிட்டால் பசி தாங்காது, இரவில் தூக்கம் வராது, கோபம் வரும், சீனி நோய் உள்ளவருக்குச் சீனி ஏறும், முகம் உப்பும். அந்த உப்பிய முகத்தைப் பார்த்து ஊரார், "மாஷா அல்லாஹ், நல்லாத் தேறி வந்திட்டா" என்பார்களாம். ராத்தா உள்ளே போய் அழுவாராம். இந்தக் குளிசையைச் சுகம் என்று நினைத்து ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. டொக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

வலிப்புக் குளிசையும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் அந்த டீச்சர் பகல் குளிசையை விட்டார், நான்காம் நாள் வலிப்பு வந்தது. நோயாளிக்கு மார்க்கமே விலக்குக் கொடுத்திருக்கிறது என்று பள்ளி மௌலவி வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் கேட்டார். நம் தோட்டத்திலும் ஆடி மாதத்திலும் கந்தசஷ்டியிலும் விரதம் என்று மாத்திரையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் சாமி கோபிக்கப் போவதில்லை.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியதை இங்கேயே சொல்லி விடுகிறோம். கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ திணிக்காதீர்கள், பல் உடையும், மூச்சு அடைக்கும். கை காலை அமுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். பக்கத்தில் உள்ள கத்தி, கல், அடுப்பு எதையும் தள்ளி வைத்துவிட்டு, தலைக்குக் கீழே துணி மடித்து வைத்து, துடிப்பு அடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். முழு நினைவு வரும்வரை குடிக்க ஒன்றும் கொடுக்க வேண்டாம். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால், அல்லது விட்டு விட்டு அடுத்தடுத்து வந்தால், 1990 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணுங்கள். இலவச அம்புலன்ஸ். லயத்துக்கு மேலே வண்டி வராது என்றால் எந்தச் சந்தியில் ஆளை வைத்திருக்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வலிப்பு உள்ளவர் தனியாகப் பீலியில் குளிக்கவோ, கவ்வாத்துக் கத்தி பிடிக்கவோ, செங்குத்து மலையில் நிற்கவோ கூடாது. துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ டொக்டரின் துண்டைக் காட்டி இலகு வேலை கேளுங்கள். தயக்கமாக இருந்தால் நம்மிடம் வாருங்கள், கூட வந்து பேசுகிறோம்.

கடைசி இரண்டு மாதம் அந்த டீச்சர் பெரும்பாலும் தூங்கினார். தண்ணீர் குடித்தால் புரை ஏறும், கஞ்சியைக் கொஞ்சம் தடிப்பாகச் செய்து, நிமிர்த்தி வைத்து, கரண்டியால் கொடுத்தார்கள். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார்கள். நோயின் பெயரை அவருக்குச் சொல்லக் கூடாது என்று குடும்பம் மறைத்து வைத்தது. அவரோ முன்பே கிளினிக் கொப்பியை வாசித்துத் தெரிந்து வைத்திருந்தார். இரண்டு பக்கமும் தெரியாதது போல நடித்தே பல மாதம் போனது. இதை மட்டும் நாம் சரி என்று சொல்ல மாட்டோம். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று பேச வேண்டிய நேரம் அது. நோயாளி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் டொக்டரையே கூட இருக்கச் சொல்லுங்கள்.

"எல்லாரும் தங்கச்சிக்கு எப்படி எண்டு கேட்டாங்க. நான் சாப்பிட்டதா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல" என்று ராத்தா சொன்னார். நம் லயத்தில் அடுத்த காம்பிரா என்றால் ஒரு சுவர்தான். அங்கே இப்படி ஒருவர் படுத்திருந்தால், பார்க்கப் போகிறவர்கள் பிஸ்கட்டோடு வந்து அரை மணித்தியாலம் உட்கார்ந்து பழைய சாவுக் கதைகள் பேசுவதைவிட, ஒரு பீலித் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்து, "நீ போய் ஒரு மணித்தியாலம் படு, நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் நல்லது. ஆண்கள் வாட்டில் பெரும்பாலும் இரவுக்குப் பெண்களை நிற்க விடமாட்டார்கள். அதற்கு மச்சான், சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆள் மாறி மாறிப் போக முன்கூட்டியே பேசி வையுங்கள்.

செலவைப் பற்றி. ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனால் பஸ் காசு, போகாத பேர், வெளியில் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் எல்லாம் சேர்ந்து வீட்டை உருக்கிவிடும். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. செலவு செய்து முடித்த பிறகு அல்ல, செய்வதற்கு முன் விண்ணப்பியுங்கள். மகரகமவுக்குப் போகிறவர்கள் தங்குமிடம் பற்றி அங்குள்ள சமூக சேவை உத்தியோகத்தரிடம் முதல் நாளே கேளுங்கள். ஸ்கேன் படங்களையும் நோயறிக்கைத் துண்டுகளையும் மழை படாமல் பொலித்தீன் பையில் போட்டு, ஒரே ஆளிடம் வைத்திருங்கள்.

டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போவது நல்லது. நோயாளிக்குத் தன் குணம் மாறியது தெரியாது. எப்போது தொடங்கியது, காலையிலா மாலையிலா, எந்தக் கை, எந்தக் கண், வலிப்பு எந்தப் பக்கம் தொடங்கியது, எத்தனை நிமிடம், எந்த மாத்திரை சாப்பிட்டார் என்று கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். சம்பந்தம் இல்லை என்று நினைப்பதையும் எழுதுங்கள். ஈ.எம்.ஏ. ஐயாவிடம் "கண்ணுக்குள்ள பாக்கணுமா?" என்று கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்: நம் டிவிசனில் வலிப்பு வந்த ஒருவருக்குக் கடைசியாக என்ன செய்தோம், அதில் எது சரி, எது பிழை? இரவில் 1990க்குப் போன் பண்ணினால் அம்புலன்ஸ் எந்த இடம்வரை வரும், அங்கே ஆளைத் தூக்கிக் கொண்டு போக யார் இருக்கிறார்கள்? நம் லயத்தில் நீண்ட நாள் நோயாளியைத் தனியாகப் பார்த்துக்கொண்டு இருப்பவர் யார்?